குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி ஆர்என்ஏவைப் பற்றுவது எப்படி: மூலக்கூறு அமைப்பைப் படித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்டீராய்டு ஹார்மோன் ஏற்பிகள் டிஎன்ஏவைப் பற்றி மரபணுக்களை இயக்கும் புரதங்கள் என்று சொல்வதோடு நம் பாடநூல்கள் நிறுத்திக்கொள்கின்றன. அந்த ஏற்பிகளுள் சில ஆர்என்ஏவையும் பற்றுகின்றன என்பதும், அதற்குப் பயன்படுவது பெரும்பாலும் டிஎன்ஏவைப் பற்றும் அதே சிறு பகுதியோ அதை ஒட்டிய சில அமினோ அமிலங்களோதான் என்பதும் 2010க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாயின. சேலம் வட்டாரக் கல்லூரிகளில் உயிர்வேதியியலோ உயிரித் தொழில்நுட்பமோ முதுநிலையில் படித்துக்கொண்டு, இந்தப் பொருளில் ஆய்வேடு எழுத எண்ணும் மாணவர்களை மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. முதல் ஐந்து படிகளுக்கு ஒரு மடிக்கணினியும் இணைய இணைப்பும் போதும். ஆறாவது படிக்கு மட்டுமே ஆய்வகம் தேவைப்படும்.

தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டிஎன்ஏவோடு இந்த ஏற்பிகள் கொள்ளும் தொடர்புக்கு அணு அளவிலான படிகச் சான்று நம்மிடம் உண்டு. ஆர்என்ஏவோடு கொள்ளும் தொடர்புக்கு இருப்பவை பெரும்பாலும் பிணைப்பு அளவீடுகள், என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) குறிப்புகள், செல்களில் செய்த சோதனைகள் ஆகியவையே. இவ்விரு வகைச் சான்றுகளையும் ஒரே தராசில் வைத்துப் பேசும் ஆய்வேடுகள்தாம் வாய்மொழித் தேர்வில் தடுமாறுகின்றன. ஆகவே ஒவ்வொரு படியிலும், ஒரு கூற்று எவ்வகைச் சான்றின் மேல் நிற்கிறது என்பதையும் சேர்த்தே குறித்துக்கொண்டு செல்லுங்கள்.

படி 1: ஒரே ஓர் ஏற்பியைத் தேர்ந்துகொள்ளுதல்

மனிதரில் அணுக்கரு ஏற்பிகள் என்னும் பெருங்குடும்பத்தில் 48 புரதங்கள் உள்ளன. அவற்றுள் ஸ்டீராய்டு ஹார்மோன்களுக்கு உரியவை ஆறு: குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி, மினரலோகார்ட்டிகாய்டு ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஆண்ட்ரோஜன் ஏற்பி, ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் ஆல்ஃபா, பீட்டா வடிவங்கள். ஆறையும் ஒருசேரப் படிக்க முயல வேண்டாம். குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியில் தொடங்கி, ஒப்பிடுவதற்கு மட்டும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபாவை அருகில் வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. டிஎன்ஏவைப் பற்றும் பகுதியின் படிக அமைப்பு, ஹார்மோனைப் பற்றும் பகுதியின் படிக அமைப்பு, ஆர்என்ஏ பிணைப்பு பற்றிய கவனமான அளவீடுகள் ஆகிய மூன்றும் குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பிக்கு ஒருங்கே கிடைக்கின்றன.

வரலாற்றை இரண்டு வரியில் அறிந்திருந்தால் போதும். 1950களின் பிற்பகுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய ஈஸ்ட்ரடையாலைக் கொண்டு ஏற்பி என்று ஒன்று இருப்பதைக் காட்டினார். 1985இல் ரொனால்டு எவன்ஸின் குழு மனிதக் குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியின் மரபணு நகலையும், அடுத்த ஆண்டில் பியர் ஷாம்போனின் குழு ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் நகலையும் வெளியிட்டன. இம்மூவருக்கும் 2004இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

இந்த ஏற்பியை இயக்கும் டெக்சாமெத்தசோன் சேலத்து மருந்துக்கடைகளில் எல்லாருக்கும் தெரிந்த பெயர். கோவிட் காலத்தில், 2020 ஜூனில், செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்த நோயாளிகளின் இறப்பை நாள் ஒன்றுக்கு 6 மில்லிகிராம் அளவு மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று ஆங்கிலேய நாட்டுச் சோதனை ஒன்று அறிவித்த பிறகு அந்தப் பெயர் இன்னும் பரவியது. நாம் படிக்கப்போவது அந்த மாத்திரை சென்று சேரும் புரதத்தின் வடிவத்தை மட்டுமே. மாத்திரையை எப்போது எடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

படி 2: தொடரை எடுத்துப் பகுதிகளைக் குறித்தலும், எண் பொறியைத் தவிர்த்தலும்

யூனிப்ராட் தரவுத்தளத்தில் பி04150 என்ற எண்ணில் மனிதக் குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி இருக்கிறது. அதன் நீளம் 777 அமினோ அமிலங்கள். தொடரை ஒரு தாளில் நேர்கோடாக வரைந்து நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் 420 அமினோ அமிலங்கள் முன்முனைப் பகுதி. 421 முதல் ஏறத்தாழ 486 வரை டிஎன்ஏவைப் பற்றும் பகுதி. அதன் பின் நெகிழ்வான சிறு இணைப்புப் பகுதி வருகிறது. 528ஐ ஒட்டித் தொடங்கி இறுதி வரை செல்வது ஹார்மோனைப் பற்றும் பகுதி. ஒப்பீட்டுக்கு எடுத்த ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபாவின் எண் பி03372, நீளம் 595. நீள வேறுபாட்டில் பெரும்பங்கு முன்முனையில்தான் விழுகிறது. நடுவிலுள்ள டிஎன்ஏ பற்றும் பகுதி இரண்டிலும் ஏறக்குறைய ஒரே நீளம் கொண்டது.

புரதத்தின் வடிவத்தைக் கணித்துச் சொல்லும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருள் தரும் முழு நீள மாதிரியைத் திறந்தால் முன்முனைப் பகுதி பெரும்பாலும் நம்பகத்தன்மை குறைந்த வண்ணத்தில், அவிழ்ந்த நூல்போல் வெளியே சுற்றிக் கிடக்கும். அது மென்பொருளின் குறை என்று கொள்ள வேண்டாம். அப்பகுதி தனித்திருக்கும்போது நிலையான வடிவமற்றது. துணைப் புரதங்களைச் சேரும்போதே அதன் சில துண்டுகள் சுருளாகின்றன. அந்த நூலின் வளைவுகளைப் பார்த்து, இது அதைத் தொடுகிறது, அது இதை மூடுகிறது என்று விளக்கம் எழுதுவது வீண் உழைப்பு.

அடுத்தது எண் பொறி. ஆரம்பகால அமைப்புகள் எலியின் ஏற்பியைக் கொண்டவை, பிற்கால அமைப்புகளில் பல மனித ஏற்பியைக் கொண்டவை, மரபணு மாற்றச் சோதனைகளோ சுண்டெலியில் நடந்தவை. மனிதரில் 458ஆம் இடத்திலுள்ள அலனின், எலியில் 477ஆகவும் சுண்டெலியில் 465ஆகவும் எண்ணப்படுகிறது. ஆகவே டிஎன்ஏ பற்றும் பகுதியில் எலியின் எண்ணிலிருந்து 19ஐக் கழித்தால் மனித எண் வரும். ஹார்மோன் பற்றும் பகுதியிலோ கழிக்க வேண்டியது 18 மட்டுமே. எலியின் முழு நீளம் 795, மனிதனுடையது 777 என்பதை நினைவில் வைத்தால் இது விளங்கும். மூன்று கட்டுரைகளைக் கலந்து அட்டவணை தயாரிக்கும்போது, எந்த உயிரியின் எண் என்பதற்கு ஒரு தனி நிரலை ஒதுக்கிவிடுவது பின்னால் வரும் பல மணிநேரக் குழப்பத்தைத் தவிர்க்கும்.

படி 3: டிஎன்ஏவைப் பற்றும் பகுதியை அணு அணுவாகப் பார்த்தல்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. புரதத் தரவு வங்கியில் 1ஜிஎல்யூ என்ற அமைப்பைக் கைமெராஎக்ஸ் அல்லது பைமால் மென்பொருளில் திறந்துகொள்ளுங்கள். பென் லூயிசி, பால் சிக்லர், கீத் யமமோட்டோ உள்ளிட்டோர் 1991இல் வெளியிட்ட, எலி ஏற்பியின் டிஎன்ஏ பற்றும் பகுதி டிஎன்ஏவோடு சேர்ந்திருக்கும் படிக அமைப்பு அது.

முதலில் துத்தநாக அயனிகளைத் தேடுங்கள். ஒவ்வொரு புரத மூலக்கூறிலும் இரண்டு இருக்கும். ஒவ்வொன்றையும் நான்கு சிஸ்டீன்களின் கந்தக அணுக்கள் நான்முகி வடிவில் பிடித்திருக்கும். மனித எண்ணில் சொன்னால் 421, 424, 438, 441 ஆகியவை முதல் துத்தநாகத்தையும், 457, 463, 473, 476 ஆகியவை இரண்டாவதையும் பிடிக்கின்றன. மென்பொருளின் அளவுகோலால் துத்தநாகத்துக்கும் கந்தகத்துக்கும் இடையிலான தொலைவை அளந்து பாருங்கள், 2.3 ஆங்ஸ்ட்ராமை (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) ஒட்டி வர வேண்டும். இதைத் துத்தநாக விரல் என்று எல்லாரும் அழைத்தாலும், இரண்டு சிஸ்டீனும் இரண்டு ஹிஸ்டிடினும் சேர்ந்து அமைக்கும் மரபான விரலிலிருந்து இது வேறுபட்டது. அந்த விரல்கள் மணிகள் கோத்ததுபோல் தனித்தனியாக நிற்கும். இங்கே இரண்டு துத்தநாகப் பகுதிகளும் ஒன்றோடொன்று மடிந்து ஒரே கட்டியான வடிவமாகின்றன.

பிறகு முதல் துத்தநாகத்தின் பின்விளிம்பிலிருந்து கிளம்பும் ஆல்ஃபா சுருளைக் காணுங்கள். அது டிஎன்ஏவின் பெரிய பள்ளத்துக்குள் நேராக இறங்கியிருக்கும். டிஎன்ஏவின் எழுத்துகளை, அதாவது காரங்களை, படிப்பது அந்தச் சுருளே. எலியின் எண்ணில் லைசின் 461, அர்ஜினின் 466 ஆகிய இரண்டும் குவானின்களோடு ஹைட்ரஜன் பிணைப்புக் கொள்கின்றன. வேலின் 462 ஒரு தைமினின் மீத்தைல் தொகுதியை ஒட்டி நிற்கிறது. இந்த வேலினை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்என்ஏவில் தைமினுக்குப் பதில் யுராசில் இருப்பதால் அந்த மீத்தைல் தொகுதி அங்கே கிடையாது. டிஎன்ஏவுக்குச் சொன்ன விளக்கத்தை ஆர்என்ஏவுக்கு அப்படியே பெயர்த்து வைக்க முடியாது என்பதற்கு முதல் அடையாளம் இந்த ஓர் அணுத் தொகுதியே.

இச்சுருளின் தொடக்கத்திலுள்ள மூன்று அமினோ அமிலங்கள்தாம் எந்த எழுத்துத் தொடரைப் பற்றுவது என்பதைத் தீர்மானிக்கின்றன. குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியில் அவை கிளைசின், செரின், வேலின். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் குளூட்டமிக் அமிலம், கிளைசின், அலனின். 1989இல் இந்த மூன்றை மட்டும் மாற்றி வைத்தே ஓர் ஏற்பியை மற்றதன் தொடரைப் பற்றச் செய்தார்கள். முன்னது விரும்பும் அரைத்தொடர் ஏ-ஜி-ஏ-ஏ-சி-ஏ. பின்னது விரும்புவது ஏ-ஜி-ஜி-டி-சி-ஏ. இரண்டிலும் அரைத்தொடர்கள் ஒன்றையொன்று எதிர்நோக்கி, நடுவே மூன்று எழுத்து இடைவெளி விட்டு அமைகின்றன.

இரண்டாவது துத்தநாகத்தைச் சுற்றிய வளையத்தில், இரு புரத மூலக்கூறுகள் ஒன்றையொன்று தொட்டு இருபடியாகும் இடம் இருக்கிறது. முன்பு சொன்ன 458ஆம் அலனின் இருப்பது அங்கேதான். அதைத் திரியோனினாக மாற்றினால் இருபடியாகும் திறன் குலைகிறது. 1998இல் குந்தர் ஷூட்ஸின் குழு இம்மாற்றம் கொண்ட சுண்டெலிகளை உருவாக்கியபோது அவை பிழைத்து வளர்ந்தன. ஏற்பியே இல்லாத சுண்டெலிகளோ பிறந்த சிறிது நேரத்தில் இறந்துவிடுபவை. இருபடியாகி டிஎன்ஏவைப் பற்றுவது மட்டுமே இந்த ஏற்பியின் வேலை என்ற எண்ணம் அன்றே ஆட்டம் கண்டது.

1991ஆம் ஆண்டு ஆய்வில் இன்னொரு நுட்பம் உண்டு. பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். அவர்கள் நான்கு எழுத்து இடைவெளி விட்ட டிஎன்ஏவையும் பயன்படுத்தினார்கள். இருபடிக்குப் பொருந்துவது மூன்று எழுத்து இடைவெளி. ஆகவே ஒரு புரதம் தன் சரியான தொடரில் அமர, அதன் கையைப் பிடித்திருந்த மற்றொன்று ஓர் எழுத்து தள்ளி, பொருந்தாத இடத்தில் அமர நேர்ந்தது. தொடர் அறிந்த பிணைப்பும் தொடர் அறியாப் பிணைப்பும் எப்படி இருக்கும் என்று ஒரே படிகத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு இதனால் கிடைத்தது. இரண்டு புரதங்களின் படிக்கும் சுருளையும் மாறி மாறிப் பெரிதாக்கிப் பாருங்கள். முதுகெலும்புப் பாஸ்பேட்டுகளைத் தொடும் பிணைப்புகள் பல இரண்டிலும் இருக்கும். எழுத்துகளைத் தொடுபவை ஒன்றில் குறைந்திருக்கும். ஆர்என்ஏ பிணைப்பை எடைபோடும்போது இந்த வேறுபாடு மீண்டும் தேவைப்படும்.

படி 4: ஹார்மோன் அமரும் பகுதி

ஆர்என்ஏவைப் பொறுத்தவரை இப்பகுதிக்கு நேரடிப் பங்கு குறைவு என்பதால் சுருக்கமாகவே கடக்கலாம். 1ஈஆர்ஈ, 3ஈஆர்டி ஆகிய இரண்டு அமைப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். முன்னது ஈஸ்ட்ரடையால் அமர்ந்த ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, 1997இல் வெளியானது. பின்னது மார்பகப் புற்றுநோய் மருந்தான தமாக்சிஃபெனின் செயல்வடிவம் அமர்ந்தது, 1998இல் வெளியானது. ஈஸ்ட்ரடையாலின் கன அளவு ஏறத்தாழ 245 கன ஆங்ஸ்ட்ராம், அது அமரும் பையின் கன அளவு 450. பை பெரிதாக இருப்பதால்தான் வடிவில் வேறுபட்ட பல மூலக்கூறுகள் அதற்குள் நுழைய முடிகிறது. ஹார்மோன் உள்ளே அமர்ந்ததும் 12ஆம் சுருள் பையின் வாயை மூடி, ஏற்பி மரபணுக்களை இயக்க உதவும் உடன்செயலூக்கிப் புரதங்கள் வந்து ஒட்டும் பள்ளத்துக்கு ஒரு கரையாகிறது. தமாக்சிஃபெனின் நீண்ட பக்கச்சங்கிலி பைக்கு வெளியே துருத்தி நிற்பதால் அந்தச் சுருள் மூட முடியாமல், உடன்செயலூக்கி ஒட்ட வேண்டிய அதே பள்ளத்தில் தானே சென்று படுத்துவிடுகிறது. 540 முதல் 544 வரையுள்ள அதன் தொடர் உடன்செயலூக்கியின் லியூசின் வரிசையை ஒத்திருப்பதே அதற்கு அங்கே இடம் கிடைக்கக் காரணம்.

குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பிக்கு 1எம்2இசட் அமைப்பைத் திறந்தால் டெக்சாமெத்தசோனை அதன் இடத்தில் காணலாம். 2002இல் வெளியான இந்த அமைப்பைப் பெற, 602ஆம் ஃபினைல்அலனினை செரினாக மாற்றித்தான் புரதத்தைக் கரையும் நிலையில் வைக்க முடிந்தது. செல்லுக்குள் இப்பகுதியைத் தாங்கி, ஹார்மோனை ஏற்கும் நிலைக்குக் கொண்டுவரும் ஹெச்எஸ்பி90 புரதத்தோடு ஏற்பி சேர்ந்திருக்கும் அமைப்பு, 2022இல் டேவிட் அகார்டின் குழுவால் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காணப்பட்டது. ஹார்மோன் வந்த பின்னரே ஏற்பி பெருமளவில் அணுக்கருவுக்குள் செல்கிறது என்பதால், எந்த ஆர்என்ஏவை அது எங்கே சந்திக்கும் என்ற கேள்விக்கும் இப்பகுதி மறைமுகமாகவே பதில் சொல்கிறது.

படி 5: ஆர்என்ஏவின் வடிவத்தை மனத்தில் பதித்தல்

இரட்டைச் சுருள் டிஎன்ஏவின் பெரிய பள்ளம் ஏறத்தாழ 12 ஆங்ஸ்ட்ராம் அகலம் உடையது. பக்கச்சங்கிலிகளோடு கூடிய ஓர் ஆல்ஃபா சுருள் அதற்குள் வசதியாக இறங்கும். இரட்டைச் சுருள் ஆர்என்ஏவோ வேறு வடிவம் கொண்டது. ரிபோஸ் சர்க்கரையில் கூடுதலாக உள்ள ஹைட்ராக்சில் தொகுதி சர்க்கரையின் வளைவை மாற்றிவிடுவதால், ஆர்என்ஏவின் பெரிய பள்ளம் ஆழமாகவும் மிகக் குறுகலாகவும், 3 ஆங்ஸ்ட்ராமை ஒட்டிய அகலத்தோடும் அமைகிறது. படி 3இல் பார்த்த படிக்கும் சுருள் அதற்குள் நுழைய வழியே இல்லை. அப்படியானால் ஏற்பி ஆர்என்ஏவை எப்படிப் பற்றுகிறது?

ஏற்காட்டு மலைப்பாதையில் பேருந்தில் சென்றவர்களுக்கு இதை விளக்குவது எளிது. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் சாலை அகலப்படுத்தப்பட்டிருக்கும். நேர்ப்பாதையில் எதிரே வண்டி வந்தாலே ஒதுங்கச் சிரமப்படும் பேருந்து வளைவில் மட்டும் தாராளமாகத் திரும்பும். ஆர்என்ஏவும் தன்மேல் தானே மடிந்து கொண்டை ஊசி வடிவம் கொள்ளும் இடங்களில், வளையத்தை ஒட்டியும், இணை சேராத எழுத்துகள் புடைத்து நிற்கும் இடங்களிலும் அதன் குறுகிய பள்ளம் விரிகிறது. புரதத்தின் சுருள் நுழைய இடம் கிடைப்பது அங்கேதான்.

ஒரே புரதம் இரண்டையும் பற்றுவது விந்தையான செய்தியும் அன்று. 1985இல் ஆரன் க்ளக்கின் குழு துத்தநாக விரல் என்ற கருத்தை முன்வைத்ததே, 5எஸ் ரைபோசோம் ஆர்என்ஏவின் மரபணுவையும் அந்த ஆர்என்ஏவையும் சேர்த்துப் பற்றும் ஒரு தவளைப் புரதத்தைக் கொண்டுதான். துத்தநாக விரலின் வரலாறு ஆர்என்ஏவோடுதான் தொடங்குகிறது என்பதை ஸ்டீராய்டு ஏற்பிகளைப் பற்றி எழுதுபவர்கள் நெடுங்காலம் மறந்திருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி காஸ்5 என்னும் நீண்ட, புரதம் தராத ஆர்என்ஏவுக்கு வருவோம். செல்லின் வளர்ச்சி நிற்கும்போது இது குவிகிறது. காரணம் நேர்த்தியானது: புரதம் தயாரிப்பு மும்முரமாக நடக்கும் செல்லில் ரைபோசோம்கள் இதன்மேல் ஏறிப் பயனற்ற சிறு தொடரைப் படிப்பதால் இது விரைவில் சிதைக்கப்படுகிறது, ஊட்டம் குறைந்து தயாரிப்பு தளரும்போது சிதைவு நின்று தேங்குகிறது. 2010இல் கீனோ, க்ரூசோஸ் உள்ளிட்டோர், இந்த ஆர்என்ஏவின் ஒரு பகுதி மடிந்து குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி தேடும் டிஎன்ஏ தொடரைப் போல நடிக்கிறது என்றும், ஏற்பியைத் தன்பால் இழுத்து மரபணுக்களிடமிருந்து விலக்குகிறது என்றும் காட்டினார்கள். பட்டினி கிடக்கும் செல், ஹார்மோனின் கட்டளைக்குச் செவிசாய்க்காமலிருக்க இது ஒரு வழி.

2014இல் எரிக் ஆர்ட்லண்டின் குழுவும் கூட்டாளிகளும் அந்தக் கொண்டை ஊசிப் பகுதியைத் தனியே எடுத்து ஆராய்ந்தார்கள். குளுக்கோகார்ட்டிகாய்டு, மினரலோகார்ட்டிகாய்டு, ஆண்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள் அதைப் பற்றின. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பற்றவில்லை. பற்றிய நான்கும் படி 3இல் சொன்ன கிளைசின், செரின், வேலின் என்னும் மூன்றையே கொண்டவை என்பதைக் கவனியுங்கள். எழுத்துத் தொடர் முக்கியம் என்ற முடிவுக்கு அந்த ஆய்வு வந்தது. ஆனால் 2019இல் கொலராடோவைச் சேர்ந்த டெபோரா வட்கி, ராபர்ட் பேட்டி ஆகியோரின் குழு பலவகை ஆர்என்ஏக்களை ஒப்பிட்டபோது, அதே ஏற்பிப் பகுதி எழுத்துத் தொடர் வேறுபட்ட பல கொண்டை ஊசிகளையும் மைக்ரோமோலாருக்குக் குறைந்த செறிவிலேயே பற்றியது. வடிவமே முக்கியம் என்ற எண்ணம் வலுத்தது. என்எம்ஆர் அளவீட்டில், ஆர்என்ஏவைத் தொடும் முகம் டிஎன்ஏவைத் தொடும் முகத்தோடு பெரும்பகுதி ஒன்றியிருந்தது. இரண்டு கட்டுரைகளையும் அருகருகே வைத்துப் படிக்காமல் ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டுவது பொருளுக்குச் செய்யும் அநீதி.

பயிற்சியாக, காஸ்5இன் 530 முதல் 570 வரையிலான எழுத்துகளை, ஆர்என்ஏவின் மடிப்பைக் கணிக்கும் ஆர்என்ஏஃபோல்டு இணையச் சேவையில் இட்டு மடிப்பை வரையச் சொல்லுங்கள். பிறகு தண்டின் ஒரு பக்கத்தில் இரண்டு எழுத்துகளை மாற்றி, மடிப்பு கெடுகிறதா என்று பாருங்கள். அடுத்து எதிர்ப்பக்கத்திலும் ஈடான எழுத்துகளை மாற்றி, மடிப்பை மீட்டெடுங்கள். தொடர் மாறி வடிவம் மாறாத இந்த மூன்றாவது மூலக்கூறுதான் மேலே சொன்ன கருத்து வேறுபாட்டைச் சோதிக்க உதவும் கருவி.

படி 6: பிணைப்பை அளத்தல்

ஆய்வக வசதி உள்ளவர்கள் ஒளிர்வுத் துருவமாக்க அளவீட்டையோ மின்புலத்தில் நகர்வைக் காணும் ஜெல் முறையையோ பயன்படுத்தலாம். எந்த முறையானாலும் தவறுகள் பெரும்பாலும் கருவியில் நேர்வதில்லை. ஆர்என்ஏவைத் தயாரிக்கும் விதத்தில்தான் நேர்கின்றன.

கொண்டை ஊசித் தொடர்கள் பெரும்பாலும் தம்மோடு தாமே இணையத்தக்கவை என்பதால், செறிவு கூடிய கரைசலை 95 டிகிரிக்குச் சூடாக்கி மெதுவாக ஆறவிட்டால் இரண்டு இழைகள் நீளவாட்டில் சேர்ந்து நேரான இரட்டைச் சுருளாகிவிடும். நாம் அளக்க நினைத்த வளையமே அப்போது இருக்காது. செறிவைக் குறைத்து, சூடாக்கிய குழாயை உடனே பனிக்கட்டியில் வைத்துக் குளிர்வித்தால் ஒவ்வொரு இழையும் தனித்து மடியும். மெக்னீசியத்தைக் குளிர்ந்த பிறகே சேர்க்க வேண்டும். சூட்டில் அது ஆர்என்ஏவை வெட்டிவிடும். சேலத்துக்காரர்களுக்கு மெக்னீசியம் அந்நியமான தனிமம் அன்று. வெள்ளைக்கல் என்று நாம் சொல்லும் மேக்னசைட்டு மெக்னீசியம் கார்பனேட்டுதான். குழாயில் சேர்ப்பது அதன் குளோரைடு, அதுவும் சில மில்லிமோலார் அளவில். பாஸ்பேட்டுகளின் எதிர்மின்னூட்டத்தைத் தணித்து மடிப்பை நிலைநிறுத்துவது அதன் வேலை.

புரதத்தின் பக்கம் துத்தநாகத்தைக் காக்க வேண்டும். ஆர்என்ஏ ஆய்வகங்களில் பழக்கத்தால் எல்லாக் கரைசலிலும் சேர்க்கப்படும் ஈடிடிஏ துத்தநாகத்தைப் பறித்துக்கொள்ளும். விரல் குலைந்த புரதம் எதையும் பற்றாது, அல்லது எல்லாவற்றிலும் ஒட்டும். சிஸ்டீன்கள் ஆக்சிஜனேற்றம் அடையாமலிருக்க டிசெப் போன்ற ஒடுக்கியைச் சேர்ப்பது நல்லது.

உப்பின் அளவு இன்னும் முக்கியம். டிஎன்ஏ பற்றும் பகுதி நேர்மின்னூட்டம் மிகுந்தது, ஆர்என்ஏ எதிர்மின்னூட்டம் மிகுந்தது. உப்பைக் குறைத்தால் எதுவும் எதனோடும் ஒட்டும். உடலின் உப்பு நிலையை ஒத்த, 100 முதல் 150 மில்லிமோலார் அளவில் கிடைக்காத பிணைப்பை 20 மில்லிமோலாரில் காட்டி மகிழ வேண்டாம். ஈஸ்ட் டிஆர்என்ஏவைப் போட்டிப் பொருளாகச் சேர்த்தும், படி 5இல் தயாரித்த மூன்று வடிவங்களை அருகருகே வைத்தும் அளவிடுங்கள். வெப்பநிலையையும் எழுதிவையுங்கள். மே மாதச் சேலத்தில் குளிரூட்டி இல்லாத அறையின் வெப்பமும், 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டின் வெப்பமும் ஒன்றல்ல. அறை வெப்பநிலை என்ற சொல் எந்த எண்ணையும் குறிக்காது, பிணைப்பின் வலுவைக் காட்டும் பிரிகை மாறிலியோ (அது சிறியதானால் பிணைப்பு வலுவானது) வெப்பநிலையைச் சார்ந்தது.

ஆர்என்ஏ உண்மையிலேயே டிஎன்ஏவோடு போட்டியிடுகிறதா என்பதை எளிய கணக்கால் முன்கூட்டியே மதிப்பிடலாம். எடுத்துக்காட்டாக, டிஎன்ஏவுக்கான பிரிகை மாறிலி 50 நானோமோலார், ஆர்என்ஏவுக்கானது 200 நானோமோலார் என்று வைத்துக்கொள்வோம். கட்டற்ற ஏற்பி 50 நானோமோலார் இருந்தால், ஆர்என்ஏ இல்லாதபோது டிஎன்ஏவில் பாதி நிரம்பியிருக்கும். 400 நானோமோலார் ஆர்என்ஏவைச் சேர்த்தால், டிஎன்ஏவின் தோற்ற மாறிலி 50ஐ, ஒன்றோடு 400ஐ 200ஆல் வகுத்த ஈவைக் கூட்டிவரும் மூன்றால் பெருக்கியதற்குச் சமம், அதாவது 150. டிஎன்ஏவில் அமராத ஏற்பி, ஆர்என்ஏ பற்றியதையும் சேர்த்து, அதே 50 நானோமோலாராக இருந்தால் டிஎன்ஏவில் நிரம்புவது 50ஐ, 50ஐயும் 150ஐயும் கூட்டிவரும் 200ஆல் வகுத்த அளவு, அதாவது கால் பங்கு. பிணைப்பு நான்கு மடங்கு வலுக்குறைந்ததாக இருந்தாலும், அளவில் மிகுந்திருந்தால் ஆர்என்ஏ ஏற்பியைப் பாதியளவு இழுத்துவிட முடியும். ஆகவே பிரிகை மாறிலியோடு, செல்லின் அந்த இடத்தில் அந்த ஆர்என்ஏ எத்தனை பிரதிகள் இருக்கின்றன என்ற கேள்வியையும் கேட்டே ஆக வேண்டும். மிக அரிதான ஓர் ஆர்என்ஏ தூண்டில் இரையாக வேலை செய்கிறது என்று சொல்லும் கட்டுரைகளை இந்த ஒரு கணக்கைக் கொண்டே வடிகட்டலாம்.

படி 7: செல்லுக்குள் கிடைக்கும் சான்றை எடைபோடுதல்

இங்கே முதலில் வருவது எஸ்ஆர்ஏ. ஸ்டீராய்டு ஏற்பிகளின் செயலை ஊக்கும் ஆர்என்ஏ என்று 1999இல் பெர்ட் ஓமாலியின் குழு இதை அறிவித்தபோது, உடன்செயலூக்கி என்றால் புரதம்தான் என்ற எண்ணம் மாறியது. ஏற்பியின் முன்முனைப் பகுதி வழியாக, மற்ற உடன்செயலூக்கிகள் அடங்கிய கூட்டமைப்பின் உறுப்பாக அது செயல்படுவதாகச் சொல்லப்பட்டது. காஸ்5போல் ஏற்பியின் விரல்களில் நேரே அமரும் தூண்டிலாக அதைக் கொள்ளக் கூடாது. பின்னர் இதே மரபணுவின் சில வடிவங்கள் புரதமும் தருகின்றன என்று தெரியவந்ததால், எஸ்ஆர்ஏவை மிகுதியாக்கிய சோதனையில் கண்ட விளைவு ஆர்என்ஏவுடையதா புரதத்தினுடையதா என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருக்கிறது. 2012இல் கரிசா சன்பொன்மட்சுவின் குழு வேதிச் சோதனைகளால் அதன் மடிப்பை வரைந்து, நான்கு பகுதிகள் கொண்ட சிக்கலான அமைப்பு அது என்று காட்டியது.

இரண்டாவது வகை, புரதம் தயாரிக்க மரபணுவின் செய்தியைச் சுமக்கும் தூது ஆர்என்ஏவையே ஏற்பி பற்றிச் சிதைவுக்கு அனுப்புவது. அழற்சியைத் தூண்டும் சிசிஎல்2 மரபணுவின் தூது ஆர்என்ஏவில் குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி அமர்ந்திருப்பதும், பிஎன்ஆர்சி2, யூபிஎஃப்1 ஆகிய புரதங்களை அழைத்து அதைச் சிதைப்பதும் 2015இல் விவரிக்கப்பட்டன. ஸ்டீராய்டு மருந்து அழற்சியைத் தணிப்பதில் ஒரு பங்கு மரபணு நிலைக்கு வெளியே நடக்கிறது என்று இதற்குப் பொருள்.

மூன்றாவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபா. 2021இல் டேவிட் ருக்கெரோவின் குழு, மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் இந்த ஏற்பி பல தூது ஆர்என்ஏக்களைப் பற்றுகிறது என்றும், பற்றும் இடம் விரல்களில் இல்லை, அவற்றை அடுத்த இணைப்புப் பகுதியின் அர்ஜினின்களில் இருக்கிறது என்றும் காட்டியது. அந்த அர்ஜினின்களை மட்டும் அலனினாக்கியபோது எக்ஸ்பிபி1 ஆர்என்ஏவின் துண்டிணைப்பும் (துண்டுகளை வெட்டி ஒட்டுவதும்) எம்சிஎல்1 புரதத்தின் தயாரிப்பும் பாதிக்கப்பட்டன. காஸ்5ஐப் பற்றாத ஏற்பி வேறோர் இடத்தைக் கொண்டு வேறு ஆர்என்ஏக்களைப் பற்றுகிறது என்பது, ஒரே விதியை ஆறு ஏற்பிகளுக்கும் பொருத்திவிடக் கூடாது என்பதைச் சொல்கிறது. 2023இல் ரிச்சர்டு யங்கின் குழு, டிஎன்ஏ பற்றும் பகுதியை ஒட்டி இத்தகைய அர்ஜினின் செறிந்த துண்டுகள் பல படியெடுப்புக் காரணிகளில் இருப்பதைக் காட்டி, எச்ஐவியின் டாட் புரதம் ஆர்என்ஏவைப் பற்றும் துண்டோடு அவற்றை ஒப்பிட்டது.

குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியில் இத்தகைய தெளிவான பிரிவினை எளிதன்று. ஆர்என்ஏவும் டிஎன்ஏவும் ஒரே முகத்தைப் பகிர்வதால், ஒன்றைக் கெடுக்கும் மாற்றம் மற்றதையும் கெடுத்துவிடுகிறது. படிக்கும் சுருளிலுள்ள ஓர் அமினோ அமிலத்தை மாற்றிவிட்டு, மரபணுக்களின் இயக்கம் மாறியதற்கு ஆர்என்ஏவே காரணம் என்று எழுதும் முடிவை ஏற்க இயலாது. 2023இல் வட்கியின் குழு, இவ்விரண்டையும் கூடிய மட்டும் பிரித்தறிய முயன்று, டெக்சாமெத்தசோனால் மரபணுக்கள் இயங்குவதை ஆர்என்ஏ பிணைப்பு மட்டுப்படுத்துகிறது என்ற முடிவை முன்வைத்தது.

உங்கள் ஆய்வேட்டில் ஒரு சோதனையை முன்மொழிவதானால் இந்த இடத்திலிருந்தே தொடங்குங்கள். டிஎன்ஏ பற்றும் பகுதியின் பின்முனை விளிம்பில், எழுத்துகளைப் படிக்கும் சுருளுக்கு வெளியே, 1ஜிஎல்யூவில் டிஎன்ஏவைத் தொடாத லைசின்களையும் அர்ஜினின்களையும் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றையும் அலனினாக மாற்றிய புரதத்தை, மூன்று எழுத்து இடைவெளி கொண்ட டிஎன்ஏவோடும், காஸ்5 கொண்டை ஊசியோடும், வடிவம் காத்துத் தொடர் மாற்றிய கொண்டை ஊசியோடும் ஒரே உப்பு அளவில் அளந்து பாருங்கள். டிஎன்ஏ மாறிலி அசையாமல் ஆர்என்ஏ மாறிலி மட்டும் பல மடங்கு கூடும் மாற்றம் ஒன்று கிடைத்தால், செல்களில் சோதிக்கத் தகுந்தது அதுவே.